பாங்காக் மல்லி

மார்ச் மாதத்தில் ஒருநாள் வடக்கனந்தலில் வியாகுலத்தின் வீட்டுக்குக் கேக் வந்தது.

"லண்டன்ல இன்னைக்கு அன்னையர் தினமாம் அத்தே. உங்க பெரிய மவன் ராபின் அனுப்பிகிறாரு," என்றாள் இளைய மருமகள் கிரேஸ்.

"தவக்காலத்துல கேக்கா?"

"லண்டன் கேக்குக்குப் பாவமில்ல. சாப்புடுங்க."

ஆகஸ்டில் முழம் முழமாக மல்லிப்பூ வந்தது.

"தாய்லாந்துல இன்னைக்கு அம்மாவுக்கு மல்லிப்பூ தருவாங்களாம். பாங்காக்ல இருந்து உங்க மவ ஜூலியா அண்ணி சொல்லி அனுப்பிகிறாங்க."

"பாத்தியா? கடல் தாண்டிப் போன புள்ளைங்களுக்கு ஞாபகம் இருக்குது. மே மாசம் நம்ம ஊரு அன்னையர் தினத்துக்கு நீ ஒரு முட்டாயாவது வாங்கித் தந்தியா?"

"மறந்துட்டேன் அத்தே," என்று கிரேஸ் சிரித்தாள்.

மாலையில் ஜூலியா போன் செய்தாள்.

"பூ வாசம் வூடு முழுக்க அடிக்குதுடி!"

"இன்னா பூ? நான் ஒண்ணும் அனுப்பலியேம்மா."

வியாகுலம் திரும்பிப் பார்த்தாள். கிரேஸ் அவசர அவசரமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப கேக்கும் இதே கதைதானா? நான் தேங்க்ஸ் சொன்னப்ப அந்த ராபின் பய வாய மூடிக்கினு வாங்கிக்கினானே!"

"பூவ யாரும்மா அனுப்பினது?"

"என் மவ."

"நான் அனுப்பலன்னு சொல்றேனேம்மா!"

"உன்ன யாருடி சொன்னா?" என்ற வியாகுலம், பாதிப் பூவைக் கிள்ளி கிரேஸின் தலையில் வைத்தாள்.