மாப்பிள்ளை விசாரணை

எதிர்வீட்டுப் பையன் அரசாங்க வேலைக்குத் தேர்வான அன்றே, அவன்தான் தன் மருமகன் என்று டெய்லரம்மா மனத்துக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அதனால்தான், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் வந்து, "எதிர்வீட்டுத் தம்பி எப்படிங்க?" என்று கேட்டதும் சுதாரித்துக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதற்குள் மூக்கில் வேர்த்துவிட்டதே.

"நான் சொன்னதா சொல்லிடாதீங்க. குடி, அடிதடி. கூட்டாளிங்களும் ஒரு மாதிரி."

"இது போதும்மா" என்று போய்விட்டார்.

அடுத்த மாதம் பையனின் அம்மா அழுதுகொண்டு வந்தாள். "நடத்தை சரியில்லன்னு வேலை இல்லேன்னுட்டாங்கக்கா. மஃப்டியில விசாரிக்க வந்த போலீஸ்கிட்ட எந்தப் பாவியோ வத்தி வச்சிருக்கா."

டெய்லரம்மா தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் படியிறங்கியதும் கணவனிடம் திரும்பினாள்.

"நம்ம பொண்ணுக்கு வேற இடம் பாருங்க. வேலையில்லாதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"