பத்தாம் நம்பர் பாட்டில்

“அந்தப் பத்தாம் நம்பரை மட்டும் ரிப்போர்ட்ல இருந்து எடுத்துடுங்கண்ணா” என்றான் தீபக், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

எதிரே உட்கார்ந்திருந்த பசுபதி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக டெக்சஸின் குப்பை மேடுகளைச் சுற்றி மண்ணும் தண்ணீரும் எடுத்து எடுத்து அவருடைய முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

மூடிப் பத்து வருடமான ஒரு குப்பை மேட்டின் மேல் சாக்கர் மைதானம் வரப்போகிறது. மண்ணும் நிலத்தடி நீரும் சுத்தம் என்று நாலு மணிக்குள் ரிப்போர்ட் போகாவிட்டால் ப்ராஜெக்ட் வேறு கம்பெனிக்குப் போய்விடும். தீபக் மேனேஜராகி மூன்று மாதம்தான் ஆகிறது. அவனுடைய கிரீன் கார்டும் இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது.

“மண்ணு ஓகே. தண்ணி ஒண்ணுல இருந்து ஒம்போது வரைக்கும் ஓகே. பத்துல மட்டும் ஆர்செனிக் விஷம் லிமிட்டைவிட ஆறு மடங்கு. எப்படிண்ணா?”

“அதைத்தான் தம்பி காலையில இருந்து சொல்ல வர்றேன்...”

போன் அடித்தது. மனைவி பிரீத்தி. தீபக் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

“பாப்பாவோட ஃபார்முலா பால்பவுடர் டப்பா காலி. வரும்போது வாங்கிட்டு வந்துடு.”

நாலு மாதக் குழந்தை அவனைத் தூங்க விடுவதில்லை. போன மாதம்தான் ரிச்சர்ட்சன் ஊரை விட்டுத் தள்ளி, ஒரு ஏக்கரில் சொந்த போர்வெல்லோடு வீடு வாங்கிக் குடிபோயிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு நீலக் கேனில் அந்த போர்வெல் தண்ணீரும் கொடுத்தனுப்பி, ‘அப்படியே நம்ம சிறுவாணி’ என்று பெருமையடித்தது இன்னும் ஆபீஸில் சிரிப்பாகச் சிரிக்கிறது.

போனை வைத்ததும் விட்ட இடத்தில் பிடித்தான். “லேப்ல மிஸ்டேக்னு போட்டுடலாமா?”

“ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணச் சொன்னேனுங்க. அதேதான் வந்துது.”

பாட்டிலில் வெறும் நம்பர்தான் இருக்கும். எங்கே எடுத்த தண்ணீர் என்பது லேபுக்குத் தெரியாது, எடுத்தவருக்குத்தான் தெரியும். தீபக்குக்கும் தெரிந்திருக்கலாம், ஒரு நாளாவது வெயிலில் வந்து கிணறுகளை எண்ணியிருந்தால். ஏசியை விட்டு நகராதவனுக்குக் கிணறு என்பது எக்செல் ஷீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

“அண்ணா, டெஸ்ட்டுக்குன்னே தோண்டின கிணறு அது. அந்தத் தண்ணிய யாரு குடிக்கப் போறா?”

“குடிக்கிறவங்க இருந்தா?”

“வாயில வெச்சதுமே துப்பிடுவாங்க. நாம கோயமுத்தூர்க்காரங்கண்ணா, நல்ல தண்ணி எதுன்னு நாக்கே சொல்லிடும்.”

“ஆர்செனிக்குக்கு ருசி கிடையாதுங்க தம்பி.”

தீபக் லேப்டாப்பை மூடினான். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. “ப்ராஜெக்ட் போச்சுன்னா என் வேலை, உங்க வேலை எல்லாம் போயிரும். இப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க.”

“ரிப்போர்ட்டை அனுப்பிடுங்க. குப்பை மேட்டைச் சுத்தி இருக்கறதே ஒம்போது கிணறுதான். ஒம்போதும் சுத்தம்.”

தீபக் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். பல நாள் கழித்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. “இதை மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணா? அப்ப பத்தாவது?”

“பழக்க தோஷத்துல நானா அனுப்பினதுங்க.”

பசுபதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலிக்குப் பின்னால் இருந்த நீலக் கேனைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்.

“பாப்பாவுக்கு இந்தத் தண்ணியிலதானுங்களே பால் கலக்கறீங்க?”