நீலக் கிண்ணத்தில் யார்?

“ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா உனக்கு? சாமிக்கு நேர்ந்துகிட்ட கிண்ணத்துல போய் இவளையா வரைவே!”

ஹேனுத் போட்ட கூச்சல் கூரைக்கு மேல் கேட்டது. பக்கத்துக் கூரையில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்த நெப்தூ, கைவேலையை அப்படியே போட்டுவிட்டுக் காதைச் சுவரோரம் கொடுத்தாள். ஒரே காதில் மூன்று வளையம் போட்டவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். மூன்றும் ஆடாமல் நின்றன.

“நான் என்னடி பண்ணுவேன்? கண்ணை மூடினாலும் அவ முகம்தான் வருது. கை தன்னால வரைஞ்சிடுச்சு” என்றான் ஹேனுத்தின் புருஷன் இபூய், கிண்ணங்களுக்குச் சித்திரம் எழுதுகிறவன்.

“அழிச்சிடு!”

“சூளையில வெந்து நீலமா வந்தாச்சு. இனி நைல் வத்தினாலும் அழியாது.”

“அப்ப உடை!”

“ஹாத்தோர் தாய்க்குப் போற சாமான்டி. உடைச்சா விளங்குவோமா?”

“தினமும் கூரைமேல பாக்கற மூஞ்சியை நான் கோயில்லயும் பாக்கணுமா? எங்கம்மா வீட்டுக்குப் போறேன்!”

கூரைமேல்! அப்படியென்றால் தன் முகம்தான் என்று முடிவுகட்டினாள் நெப்தூ. புருஷன் போனபின் ஒற்றை ஆளாக ரொட்டி சுட்டுத் தின்று அலுத்தவள் அவள். நாலு நாள் முன்னால் ரொட்டி கொடுக்கப் போனபோது இபூய் தன் முகத்தை அப்படி உற்றுப் பார்த்தது இதற்குத்தானா? ஹேனுத் கிளம்பிப் போனால் அந்த வீட்டு அடுப்பை எந்த மூலைக்கு மாற்றலாம் என்பதுவரை யோசித்துவிட்டாள்.

விசேஷங்களுக்கு வைக்கும் பொய்முடியை வைத்தாள். கண்ணுக்கு மை இழுத்தாள். சமாதானம் பேசப் போகிறவள்போல உள்ளே நுழைந்தாள்.

“ஏன் தங்கச்சி கத்தறே? சித்திரக்காரன் மனசுல யார் இருக்கான்னு அவனுக்கே தெரியாது, பாவம். எங்கே, காட்டு பாப்போம்.”

இபூய் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“வேண்டாம்க்கா...”

“அட, வெக்கப்படாதேப்பா!” என்று பிடுங்கினாள்.

பளீரென்ற நீலம். தாமரைகளுக்கு நடுவே யாழ் மீட்டும் அழகி. அச்சு அசல் ஹேனுத்! நெப்தூ குழம்பிப்போய்க் கிண்ணத்தைத் திருப்பினாள். அழகியின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு குரங்கு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. அதன் காதில் மூன்று வளையம்.

“குரங்கு நல்லாத்தான் வந்திருக்கு. காதுதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு” என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்த நெப்தூ, அடுத்த அறுவடைக்குள் அக்கரைப் படகுக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பெண் கேட்டு வந்தவனிடம் அவள் விசாரித்தது ஒன்றே ஒன்றுதானாம்: “உங்க வீட்டுக் கூரைக்குப் படி இருக்கா?”