உள்மடிப்பு

பாவாடையின் உள்மடிப்பைப் பிரிக்க நெட்டை பிளேடை வைத்த நேரம் பார்த்துத் தையல் டீச்சர் உள்ளே வந்தார்.

பிளேடு பாதியில் நின்றது.

கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் போயிருந்தார்கள். விளையாட்டுக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தையல் அறை பெஞ்சில் அவள் மட்டும்தான். மடியில் சீருடைப் பாவாடை.

எத்தனையோ டீச்சர்கள் இருக்க, மாட்டிக்கொண்டது போயும் போயும் இவரிடமா!

இவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகுட்டி இல்லாதவர், அதனால்தான் இப்படி எரிந்து விழுகிறார் என்பது வகுப்பே சேர்ந்து முடிவு செய்த விஷயம்.

அதிலும் நெட்டை என்றால் தனிக் கவனிப்பு. போன வருஷம் முழுக்க, அவள் வராந்தாவில் நடந்து போனால் இவருடைய தையல் மெஷின் நின்றுவிடும். பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்கு இரண்டு அடி அடித்துவிடலாம்.

அவள் செய்த குற்றமெல்லாம் வளர்ந்ததுதான்.

பள்ளியில் சேர்ந்த அன்று, புதுத் துணிக்கு வழியில்லை என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அலுவலகத்தில் ஒரு அலமாரியைத் திறந்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன இந்தப் பாவாடையை எடுத்துத் தந்தார்கள். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

லீவில் என்னத்தைத் தின்றாளோ, கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். இரண்டாம் வருஷ வகுப்புக்குள் நுழையும்போது முட்டி வெளியே தெரிந்தது. பட்டப்பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

இன்று காலை தலைமையாசிரியை அவளை எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டார். நாளைக்குத் தேர்வு, முட்டி மறையாவிட்டால் தேர்வு அறைக்குள் வரக் கூடாது.

அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அழுது முடித்து, படித்தது போதும் என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள். நெட்டைக்குப் பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

டீச்சர் பிளேடை வாங்கி மேசைமேல் வைத்தார்.

“துணி கிழிஞ்சிரும். குடு இப்படி.”

திட்டவில்லை. பாவாடையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு சின்னக் கத்தரியை எடுத்தார்.

நூலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவர் தேடவே இல்லை. விரல் நேரே அங்கே போயிற்று.

மடிப்பு கீழே விழுந்தது. வெயிலே படாமல் இருந்த துணி, கடையில் வாங்கியது போலக் கருநீலமாக இருந்தது. அதற்கும் உள்ளே இன்னொரு மடிப்பு. அதற்கும் உள்ளே இன்னொன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தைக்கப்பட்டிருந்தது.

“யாரு டீச்சர் இவ்வளவு துணி விட்டுத் தச்சது?”

கேட்டிருக்கக் கூடாது என்று கேட்டபிறகுதான் தோன்றியது. மற்ற மடிப்புகளை டீச்சர் தொடவில்லை. விளிம்பைத் தைத்து, இஸ்திரி போட்டு, கையில் கொடுத்தார்.

நெட்டை திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். முட்டி மறைந்திருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

“வாசல் வரைக்கும் நட. திரும்பாத.”

நீளம் சரிபார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். வாசற்படியை நெருங்கும்போது, பின்னால் டீச்சர் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

“போயிட்டு வரேன்னு சொல்லு.”

நெட்டை படியிலேயே நின்றுவிட்டாள்.

“ரெண்டாம் வருஷம் தொடங்குற அன்னைக்கு, பாவாடைய எறக்கிக் குடும்மான்னா எம் பொண்ணு. நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டேன். இதைத் தூக்கி வீசிட்டு, வேற ஒண்ணைப் போட்டுக்கிட்டு, சொல்லாம கொள்ளாமப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. அப்புறம் வரவே இல்ல.”

ஐயோ பாவம் என்றிருந்தது. ஓடிவிடலாம் என்றும் இருந்தது.

“போயிட்டு வரேம்மா.”

டீச்சர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் பதில் வந்தது.

“பாத்துப் போ.”

வராந்தா, படி, மைதானம். புதுத் துணி காலில் உரச உரச நடந்தாள். கேட்டை நெருங்கும்போதுதான் புத்தகப் பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தது உறைத்தது. விடிந்தால் தேர்வு.

டீச்சர் ஜன்னலில் நின்றுகொண்டிருக்கிறார் என்பது பார்க்காமலே தெரிந்தது. இப்போது திரும்பினால் அவருக்குத் தன் முகம் தெரிந்துவிடும்.

நெட்டை பை இல்லாமலே வீட்டுக்கு நடந்தாள்.