ஒற்றை ஓட்டு

நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்ற பூங்கோதைக்கு, அவள் பிரசாரத்துக்கே போகாத மலைக்கிராமம் ஒன்றில் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. போட்டது யாராக இருக்கும்? பஸ் ஏறிப் போய்விட்டாள்.

"நான்தாம்மா போட்டேன், வெளிய சொல்லிடாதீங்க" என்றார் டீக்கடைக்காரர். ரேஷன் கடை வாசலில் இரண்டு பெண்கள் தனித்தனியே வந்து அதையே காதில் சொன்னார்கள். பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது.

ஊர்க்கோடியில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாருக்குக்கா போட்டீங்க?"

அவள் வாசலில் உட்கார்ந்திருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு சொன்னவங்களுக்குத்தான்" என்றாள் சத்தமாக. பிறகு ஈரக் கையால் பூங்கோதையின் விரல்களை ஒருமுறை இறுகப் பற்றி விட்டுவிட்டு, மறுபடி துவைக்கத் தொடங்கினாள்.