பெரியம்மா கேட்டால்

"அப்பா எங்கேன்னு பெரியம்மா கேட்டா என்ன சொல்லுவே?"

அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, மகளிடம் மறுபடியும் கேட்டாள் தங்கை.

"ஆபீஸ்ல அவசர வேலை. அடுத்த தடவை வருவார். சரியா சொன்னேனாம்மா?"

"சரி. அதுக்கு மேல வாயைத் திறக்காதே."

மூன்று நாள் லீவும் மகளைக் காவல் காத்தபடியே கழிந்தது. எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள் அக்கா. அவள் குழந்தைக்குத் தலைவார உட்கார்ந்தால் போதும், துணி மடிக்கிற சாக்கில் தங்கையும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அக்கா ஸ்கூலைப் பற்றிக் கேட்டாள், ஆடுகிற பல்லைப் பற்றிக் கேட்டாள், இருமலைப் பற்றிக் கேட்டாள். அதை மட்டும் கேட்கவில்லை.

"மாமாவையும் பார்த்துட்டுப் போகலாம்னு இருந்தேன்" என்று தங்கைதான் பேச்சை மாற்றினாள்.

"அவருக்கு ஏது லீவு? டூர் டூர்னு ஓடறார்" என்றபடி அக்கா எழுந்து, தன் மகனைச் சாப்பிடக் கூப்பிடப் போனாள்.

கிளம்பும்போது, காரில் ஏறியதும் மகள் சொன்னாள்.

"பெரியம்மா என்னைக் கேக்கவே இல்லம்மா."

"தப்பிச்சோம்."

"அண்ணன்தான் மாட்டிக்கிட்டான்."

"அவன் எதுல மாட்டினான்?"

"பெரியப்பா எங்கேன்னு கேட்டேன். டூர் போயிருக்கார், அடுத்த மாசம் வருவார்னான். உடனே பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து, 'சரியா சொன்னேனாம்மா'ன்னு கேட்டான்."

சாவியைத் திருப்பப் போன கை நின்றது. கேட்டருகே அக்கா இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டைக் கழட்டு. இறங்கு."

"ஏம்மா?"

"அப்பா நம்மளை விட்டுத் தனியாப் போயிட்டாருன்னு பெரியம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."