புதுப்பிப்புக் கையெழுத்து

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். மகள் மகிழினிக்குப் பல் துலக்கிவிட்டேன். எட்டு வயதாகியும் அவள் பேசத் தொடங்கவில்லை. புதுச் சட்டையின் பின்கழுத்து லேபிளை வெட்டிவிட்டு மாட்டிவிட்டேன். இல்லாவிட்டால் அவளுக்கு உறுத்தும்.

ஏழு மணிக்கு அரூரிலிருந்து பரிமளா அழைத்தாள். அவள் மகனும் மகிழினியைப் போலத்தான். பெற்றோர் துணை மையம் என் மனைவி வெண்ணிலாவை அவளுக்குத் துணையாகப் போட்டிருந்தது. வெண்ணிலா இறந்து பத்து மாதமாகிறது. அவள் பழைய பேச்சுகளைக் கொண்டு மையம் செய்த கணினிக் குரல் மட்டும் இன்னும் அவளைப் போலவே போனில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது தொடர வேண்டுமானால் இன்று நான் புதுப்பிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டுடுவீங்கல்லண்ணா? போடுவீங்கன்னு அக்காவே சொன்னாங்க."

"யாரு, அவளா?"

"ஆமாங்கண்ணா. 'மாட்டேன்னா அழுதுடு, இளகிடுவார்'னாங்க."

வெண்ணிலாவாக இருந்தால், அந்த மனுஷன் கல்லு, அழுது பிரயோஜனமில்லை என்றிருப்பாள்.

"வேற என்ன சொன்னா?"

"நேத்து பையன் என் கையைக் கடிச்சுட்டான். நான் அடிச்சுட்டேன். 'நல்ல அம்மாவுக்குக் கோபமே வராது'ன்னாங்க. அதுலேர்ந்து சோறே இறங்கலைங்கண்ணா."

படிவத்தைக் கிழித்தேன்.

"அது அவ இல்லைம்மா. நான் கையெழுத்துப் போடப் போறதில்லை."

"அப்ப நான் யார்கிட்ட பேசுறது?"

"என்கிட்ட பேசு."

ஆஸ்பத்திரியில் வெண்ணிலா கடைசியாக, தன் வாயால் என்னிடம் சொன்னதைப் பரிமளாவிடம் அப்படியே சொன்னேன்.

"பாப்பா கடிச்சா அஞ்சு நிமிஷம் கதவைச் சாத்திட்டு வெளிய நில்லுங்க. ஒண்ணும் ஆயிடாது. நானே எத்தனையோ தடவை நின்னிருக்கேன்."